ஸ்பெக்ட்ரோமீட்டரை ஜன்னல் பக்கம் திருப்புங்கள்: இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இயற்பியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வட மாவட்டம் ஒன்றில் உள்ள கல்லூரியில் பதினான்கு வருடமாக இயற்பியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்களில் சிலரை விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பார்த்திருக்கிறேன். டீ குடிக்கும் நேரத்தில் நான் ஆரம்பித்து, மணி அடித்ததும் பாதியில் நின்றுபோன பேச்சு ஒன்று உண்டு. அதை முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

போன மார்ச் மாதம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். ஆலங்காயம் பக்கம் சின்ன ஊர். வானியற்பியல் விருப்பப் பாடத்தில் 82 மார்க் எடுத்தவள். விண்மீனின் பிரகாசத்திலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை ஒரு வரி பிசகாமல் எழுதுவாள். "காவலூர் உங்க ஊருக்குப் பக்கம்தானே, போயிருக்கியா?" என்று கேட்டேன். "பஸ்ல போறப்போ தூரத்துல வெள்ளையா டூம் தெரியும் மேடம். உள்ள போனதில்ல. தொலைநோக்கியையே படத்துலதான் பார்த்திருக்கேன்" என்றாள்.

அவள் பஸ்ஸிலிருந்து பார்க்கும் காவலூர் வானாய்வக டூமுக்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதே வளாகத்தில் உள்ள 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது அந்த மறைப்பின்போதுதான். 1988இல் காவலூரில் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்று இன்று ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது. இதில் ஒன்றைக்கூட அவளுக்குச் சொல்லாமல் நான் ஐந்து யூனிட்டையும் நடத்தி முடித்திருந்தேன். வினாத்தாளில் வராது, நேரமும் இல்லை என்று விட்டுவிட்டேன். தவறு பாதி என்னுடையது. மீதிப் பாதிக்காகத்தான் உங்களிடம் வருகிறேன்.

பாடத்திட்டத்தில் வானியலே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொலைநோக்கி வகைகள், சூரியன், விண்மீன்களின் பிறப்பும் முடிவும், பால்வெளி, பிரபஞ்சம் என்று எல்லாம் இருக்கிறது. எல்லாம் கரும்பலகையோடு சரி. பிராக்டிகல் லிஸ்ட்டில் வானம் கிடையாது. லிஸ்ட்டில் இல்லாததை எந்தக் கல்லூரியிலும் செய்ய மாட்டார்கள். இருந்தால் கருவிக்கு நிதி கேட்கலாம், லேப் அட்டெண்டரைத் தயார் செய்யலாம், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்பார் என்று சொல்லிப் பிள்ளைகளைச் செய்ய வைக்கலாம். இல்லாவிட்டால், கிரகணம் வரும் நாளில் மைதானத்தில் கறுப்புக் கண்ணாடி கொடுப்பதோடு எங்கள் வானியல் முடிந்துவிடுகிறது.

புதிதாக ஒரு பேப்பர் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லா மாணவர்களும் செய்யும் பொது பிராக்டிகலில், மார்க்கோடு, வானத்துக்கு மூன்றே மூன்று சோதனைகளுக்கு இடம் கொடுங்கள்.

முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. எல்லாக் கல்லூரியிலும் ஒளியின் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நெருக்கமாகக் கோடு கீறிய கிரேட்டிங் தகடும் இருக்கின்றன. இப்போது என்ன செய்கிறோம்? இருட்டறையில் சோடியம் லேம்ப்பைப் போட்டு, அது ரோஸ் நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும்வரை காத்திருக்கிறோம். பிள்ளைகள் குறுக்குக் கம்பியைக் கோட்டின் மேல் வைத்து வெர்னியரைப் படிக்கிறார்கள். மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் உள்ள கிரேட்டிங் என்றால் முதல் வரிசையில் 20 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, வந்ததாக எழுதிவிடுவார்கள். அப்புறம் மெர்க்குரி லேம்ப்பிலும் அதே கதை. விடை முன்கூட்டியே தெரியும்போது அந்தப் பிள்ளைகளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி மாதக் காலையில் கரண்ட் போய்விட்டது. லேம்ப் எரியாது. பேட்ச்சில் பாதிப் பேர் பையைத் தூக்கிவிட்டார்கள். நான் ஸ்பெக்ட்ரோமீட்டரை மேசையோடு வடக்கு ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். வெளிச்சம் நுழையும் குழாயான கொலிமேட்டரை நீல வானத்தின் பக்கம் திருப்பினேன். சூரியனை நேராகப் பார்க்க ஒருபோதும் திருப்பக் கூடாது, கண் போய்விடும். வானத்து வெளிச்சமே போதும். அதன் முனையில் உள்ள மெல்லிய பிளவை, ஸ்லிட்டை, முடிந்தவரை ஒடுக்கினேன். ஊதாவிலிருந்து சிவப்பு வரை வண்ணப்பட்டை வந்தது. ஃபோகஸைச் சரிசெய்யச் செய்ய, பட்டைக்குக் குறுக்கே நூல் நூலாகக் கறுப்புக் கோடுகள் எழுந்தன. மஞ்சளில் ஒன்று, பச்சையில் நெருக்கமாகச் சில, நீலத்தில் ஒன்று.

முதலில் கண்ணை வைத்த பையன், "ஸ்லிட்ல தூசி மேடம்" என்றான். தூசியாக இருந்தால் கோடு பட்டையின் நீளவாக்கில் ஓடும், இது குறுக்கே நிற்கிறது பார் என்றேன். மஞ்சளில் இருந்த கோட்டின் கோணத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தான். நோட்டைப் புரட்டினான். போன வாரம் சோடியம் லேம்ப்புக்கு அவனே எழுதிய கோணம், இரண்டு நிமிட வித்தியாசத்தில். நோட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப சூரியன்லயும் சோடியம் இருக்கா மேடம்?"

கரண்ட் வந்த பிறகும் அன்றைக்கு யாரும் லேம்ப்பைப் போடவில்லை.

சூரிய ஒளியில் தெரியும் இந்தக் கறுப்புக் கோடுகளுக்கு ஃபிரான்ஹோஃபர் கோடுகள் என்று பெயர். அவற்றைப் பற்றி அந்தப் பையன் பிளஸ் டூவிலேயே படித்திருக்கிறான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெயர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை, கேள்விதான் வந்தது. அந்தக் கேள்விக்கு நம் மண்ணோடு தொடர்புள்ள கதை ஒன்றும் உண்டு. சோடியத்தின் மஞ்சள் கோட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர்கூடத் தள்ளியில்லாத இடத்தில் ஹீலியத்தின் கோடு இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்களின் கருவிகளில் மஞ்சளில் அந்தக் கோடு பிரகாசமாகத் தெரிந்தது. அவர்களில் ஒருவர் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். மசூலிப்பட்டினத்துக்குப் போய்ப் பார்த்தவர். பூமியில் ஹீலியம் கைக்குக் கிடைத்தது 1895இல்தான். விண்மீன் பிரகாசத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்று 1856இல் முன்வைத்தவரும் இதே போக்சன். என் மாணவி 82 மார்க்குக்குள் எழுதிய எண் அது. அந்த மனிதர் நுங்கம்பாக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியாது. வெகுநாள் வரை எனக்கும் தெரியாது. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார் என்பதும் அப்படித்தான். அந்த வானாய்வகத்தின் 1792ஆம் வருடத்துக் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்தது, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இரண்டாவது சோதனைக்குக் கொடைக்கானல். அங்கே நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அடுத்தடுத்த நாட்களின் நாலைந்து படங்களை அச்செடுத்து, ஒரு சூரியப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளந்தால் சூரியன் சுற்றும் காலம் கிடைத்துவிடும். பூமியிலிருந்து பார்க்க ஏறக்குறைய 27 நாள். 26 வந்தாலும் 29 வந்தாலும் ஏன் என்று விவாதிக்கலாம். 1909இல் வானியலாளர் எவர்ஷெட் அதே கொடைக்கானலில்தான் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை, நிறமாலைக் கோடுகள் நகர்வதை வைத்துக் கண்டுபிடித்தார். அலையின் மூலம் நகரும்போது அலை மாறித் தெரியும் இந்த டாப்ளர் விளைவை நாங்கள் ரயில் விசிலில் ஆரம்பித்து ரயில் விசிலிலேயே முடித்துவிடுகிறோம்.

மூன்றாவது இரவு வானம். 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று, ஒரு துறைக்கு ஒன்றே போதும். வியாழன் மாலையில் தெரியும் மாதங்களில் அதன் நான்கு பெரிய துணைக்கோள்களின் இடத்தைத் தினமும் குறித்தால், சுற்றும் காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை வைத்து வியாழனின் நிறையே வந்துவிடும். அயோவுக்கு 1.77 நாள், கானிமீடுக்கு 7.15 நாள். இரண்டாவது மூன்றாவது நாளிலேயே எந்தப் புள்ளி எது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். வரட்டும், அதில்தான் படிப்பே இருக்கிறது.

இருட்டிய பிறகு பிள்ளைகளை எப்படி நிறுத்தி வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் கல்லூரியில் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வழியில்லை. பையன்கள் பலர் சாயங்காலம் வேலைக்குப் போகிறார்கள். அதனால்தான் முதல் இரண்டும் பகலில் செய்கிற மாதிரி சொன்னேன். மூன்றாவதை வீட்டில் செய்யவும் வழி இருக்கிறது. மொட்டை மாடியில் தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு விண்மீன் எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மறையும் நேரத்தைக் குறித்தால் போதும். நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக மறையும். பத்து நாள் குறித்து வரைபடம் போட்டால், பூமி தன்னைத் தானே சுற்ற 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். வியாழனா தண்ணீர் டேங்கா என்று கல்லூரியே முடிவு செய்யட்டும்.

ஆசிரியர்களுக்குப் பழக்கமில்லை என்பதும் உண்மை. எம்.எஸ்சி. முடிக்கும்வரை நானும் ஒரு தொலைநோக்கியில் கண் வைத்ததில்லை. இரண்டு நாள் பயிற்சி போதும், லேப் அட்டெண்டர்களையும் சேர்த்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தியரி பற்றியது. எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கான குவாண்டம் கணக்கான ஃபெர்மி–டிராக் புள்ளியியலை ஒரு பேப்பரில் நடத்துகிறோம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன்களை விருப்பப் பாடத்தில் நடத்துகிறோம். இரண்டுக்கும் உள்ள தொடர்பு எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் இளநிலை படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். புதிய குவாண்டம் புள்ளியியல் பற்றி அவரிடம்தான் தெரிந்துகொண்டார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அதையும் வெள்ளைக் குள்ளன்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். வயது 19. வெள்ளைக் குள்ளனுக்குச் சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று நாம் எழுதும் நிறை எல்லை அங்கேதான் முளைத்தது. நம் மாணவர்களுக்கும் அதே வயதுதான். புள்ளியியல் யூனிட்டின் கடைசியில் அந்தக் கணக்கை ஒரு பக்கத்துக்குச் சேருங்கள்.

முதலாண்டு இயக்கவியலுக்கு ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளமுள்ள அதை ஏன் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, 11 டிகிரி அளவுக்குச் சரிந்த மலைச் சரிவில் கட்டினார்கள் என்று கேட்டாலே போதும். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, ஒரே அச்சில் திருப்பினால் மணிக்கணக்கில் ஒரு பொருளைத் தொடரலாம் என்று பிள்ளைகளே படம் போட்டுக் காட்டுவார்கள்.

ஆலங்காயம் மாணவி இப்போது பி.எட். சேர்ந்திருக்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் ஏதாவது பள்ளியில் அறிவியல் எடுப்பாள். அவளுக்கு நான் தரத் தவறியதை அடுத்த பேட்ச்சுக்காவது தர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள். வடக்கு ஜன்னல் உள்ள அறையாக இருந்தால் நல்லது. ஸ்பெக்ட்ரோமீட்டரையும் கிரேட்டிங்கையும் நானே கொண்டு வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஒவ்வொருவரும் கண் வைத்து அந்த மஞ்சள் கோட்டின் கோணத்தைப் படித்துவிட்டு, அப்புறம் லிஸ்ட்டை எடுத்துப் பேசலாம்.

நன்றி.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை