ஓகஸ்ட் விடுமுறைக்கு மலையகம் வருவோர் மழைக்கு மறுபக்கம் தங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் பல வீடுகளில் மலையகப் பயணம் முடிவாகிறது. வான் பிடித்து, மாமா மாமி பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பும் திட்டம். அவசரமாகப் புறப்படுவதில் குறையில்லை. எந்தச் சரிவில் தங்குவது, எந்த வீதியால் இறங்குவது என்று யோசிக்காமல் வருவதால்தான் பிள்ளைகள் மழையில் அறைக்குள் அடைபடுகிறார்கள், பெரியவர்கள் வாகனத்திலேயே களைத்துப்போகிறார்கள், சில குடும்பங்கள் வீடு திரும்பாமலே போகின்றன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாத் திசையிலிருந்தும் வருவோர் தங்கள் பத்திரிகையைப் படிப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, கடலிலிருந்து சுமந்து வரும் ஈரத்தைக் கினிகத்தேன, வட்டவளை, நாவலப்பிட்டி, ஹட்டன், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டுத்தான் மலைமுதுகைத் தாண்டுகிறது. தாண்டிய பிறகு அதில் மழை மிஞ்சுவதில்லை. அதே காற்றுத்தான் கீழே மட்டக்களப்பில் கச்சான் காற்றாக உலர்ந்து வீசுகிறது. ஆகவே ஓகஸ்ட்டில் ஹட்டனும் நுவரெலியாவும் நனைந்துகொண்டிருக்கும்போது வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயில் அடிக்கும். நுவரெலியாவிலிருந்து ஹக்கலையைத் தாண்டி வெலிமடைக்கு இறங்கும்போது அரை மணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏப்ரல் கதை வேறு. அப்போது காலை எங்கும் தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். ஏப்ரலில் நுவரெலியா சரி. ஓகஸ்ட்டில் அதைப் பகலில் பார்த்துவிட்டு ஊவாப் பக்கம் போய்ப் படுப்பதே புத்தி.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஓகஸ்ட் இரவில் குளிரோடு தூறலும் காற்றும் சேர்ந்துகொள்ளும். யாழ்ப்பாண வெக்கையிலிருந்து நேரே வரும் கைக்குழந்தைக்கும் இழுப்பு நோயுள்ள பாட்டிக்கும் அது ஆகாது. பண்டாரவளை ஏறத்தாழ 1200 மீற்றர்தான். ஒரு சுவெட்டரும் ஒரு கம்பளியும் போதும். தியத்தலாவை, வெலிமடையும் அப்படியே. ஹப்புத்தளை மலைவிளிம்பில் இருப்பதால் காற்று பலமாக அடிக்கும், பிற்பகலில் முகில் ஏறும். எல்ல நகரத்தில் கடைசி நேரத்தில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கூட. பண்டாரவளையிலிருந்து எல்ல அரை மணிப் பயணம் என்பதால் அங்கே படுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது நேரக் கணக்கு. மலைவீதியில் குடும்பத்தோடு போனால் மணிக்கு 25 கிலோமீற்றர் என்று வையுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கைபேசி வரைபடம் இரண்டரை மணி நேரம் என்று காட்டும். பிள்ளை சத்தி எடுக்க ஒரு நிறுத்தம், றம்பொடை அனுமார் கோயில், லபுக்கலையில் தேநீரும் கழிவறையும் என்று சேர்த்தால் நான்கு மணி நேரம் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி மட்டும் 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு முழுவதும் ஓட்டி விடியற்காலை கண்டிக்கு வந்த சாரதியை அப்படியே மலையேறச் சொல்லாதீர்கள். வளைவுகளில் கண் சொருகுவது அந்தக் காலை வேளையில்தான். பகலில் புறப்பட்டு மாத்தளையிலோ தம்புள்ளையிலோ படுத்து, மறுநாள் காலையில் ஏறுங்கள். எசல பெரஹரா நடக்கும் நாட்களில் கண்டியில் அறையும் கிடையாது, மாலைக்குப் பின் வீதிகளும் மூடப்படும். மாத்தளையில் படுப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

யாழ்ப்பாணத்தார் இரண்டாம் நாள் கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறி, கிரகரி வாவியைப் பார்த்து, சீத்தா எலிய அம்மனைக் கும்பிட்டு, இருட்டுமுன் வெலிமடை வழியாகப் பண்டாரவளை சேரலாம். கொழும்பிலிருந்து வருவோர் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாக வந்தால் ஒரு பகலில் சேர்ந்துவிடலாம். மட்டக்களப்பார் செங்கலடி, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுவார்கள். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் வீதி குறுகல், பள்ளம் ஆழம். அந்தத் துண்டைப் பகலில் மட்டுமே கடக்க வேண்டும்.

இனி இறக்கம். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துகிறேன். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 7 பேர் இறந்தார்கள். 2025 செப்ரெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறோம். அவ்வளவு தூரமும் பிரேக்கில் கால் வைத்தே வந்தால் சூட்டில் பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். அதோடு பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி கட்டிய எண்ணெயில் அழுத்தம் நிற்காது, மிதித்தால் பெடல் தரைவரை போகும், வாகனம் நிற்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பழசாக ஆக அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சமவெளியில் ஆண்டுக்கணக்காகக் குறையில்லாமல் ஓடிய வான் இங்கே வந்து ஏமாற்றுவது இதனால்தான். வாடகைக்குப் பேசும்போதே பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

ஏறும்போது எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும். இரண்டாம் கியரில் இயந்திரமே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் பிரேக்கை ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிட வேண்டும். மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வரக்கூடாது. ஓட்டோ கியர் வாகனத்தில் ‘எல்’ அல்லது ‘2’, ஹைபிரிட்டில் ‘பி’ (B, நிறுத்திவைக்கும் P அல்ல) என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட்டின் பற்றரி நிரம்பிவிட்டால் அது பிடிக்கும் விதம் மாறும், இயந்திரச் சத்தம் திடீரென்று உயரும். அது பழுதல்ல, பயந்து ‘டி’க்கு மாற்றாதீர்கள். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு வெடிக்கும் அல்லது வளையும். நியூட்ரலில் இறங்கி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் சாரதியோடு ஒரு வளைவுகூடப் போகாதீர்கள். வயதில் மூத்தவர் யாராவது முன் ஆசனத்தில் இருந்து இதைச் சொன்னால் சாரதி கேட்பார்.

ரதெல்ல குறுக்கு வீதியைக் கைபேசி காட்டினாலும் பெரிய வான்களும் தலவாக்கலைப் பிரதான வீதியாலேயே போக வேண்டும். பஸ், லொறிக்கு அங்கே தடை இருப்பது சும்மா அல்ல. பனிமூட்டத்தில் முன்விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் பனியில் ஒளி தெறித்துச் சாரதியின் கண்ணையே மறைக்கும். ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழி விடுவது மலை வழக்கம்.

ரயில் இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். கண்டி–எல்ல ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து விரைவில் தீர்ந்துவிடும். கடைசி வாரத்தில் அதற்காக இடைத்தரகரிடம் பலமடங்கு பணம் கொடுக்காதீர்கள். பண்டாரவளையிலிருந்து பதுளை வரை பதிவில்லாத டிக்கெட்டை அன்றே நிலையத்தில் எடுக்கலாம். எல்லயும், ஒன்பது வளைவுப் பாலமும், தண்டவாளம் சுற்றிவந்து நிலையத்துக்குக் கீழாகவே சுரங்கத்தில் நுழையும் தெமோதரயும் இந்தச் சிறு துண்டுக்குள்ளேயே இருக்கின்றன. வானைப் பதுளைக்கு அனுப்பிவிட்டு அங்கே ஏறிக்கொள்ளுங்கள். இறங்கியதும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகலாம். நடைபாதையில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். மழைக்குப்பின் மண்சரிவால் பாதை அடைபடுவதுண்டு என்பதால் ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதல்நாளே நிலையத்தில் கேளுங்கள். கதவில் தொங்கிப் படம் எடுப்பவர்கள் சுரங்கச் சுவரிலும் கம்பத்திலும் அடிபடுகிறார்கள். பிள்ளைகளை உள்ளே இருத்துங்கள்.

ஹப்புத்தளைப் பக்கமுள்ள லிப்டன் சீற் என்ற மலை உச்சிக் காட்சியிடத்தைப் பார்க்க விரும்பினால் காலை 7 மணிக்குள் மேலே நிற்க வேண்டும். 9, 10 மணிக்கு முகில் மூடிவிடும். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை உங்கள் வாகனத்தில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது நல்லது. மேலே வீதி மிக ஒடுக்கம். வழியில் கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தேயிலைச் செடிகளுக்கிடையே பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். அது அவர்கள் வேலைத்தளம். எடைபோடும் நேரத்துக்குள் கொழுந்தைச் சேர்க்காவிட்டால் நாட்சம்பளத்தில் குறையும்.

ஹோட்டன் சமவெளிக்கு ஓகஸ்ட்டில் கைக்குழந்தையோடு போகவேண்டாம். காற்றோடு தூறலில் 9 கிலோமீற்றர் நடக்க வேண்டும். போவதென்றால் வாசல் திறக்கும் 6 மணிக்கே நுழையுங்கள். பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சோற்றுப் பொதியை டப்பாவில் எடுத்துப் போங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் போயாவோடு முடிந்துவிடும். ஓகஸ்ட்டில் படியில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, படிகள் வழுக்கும்.

நீர்த்தேக்கங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் போகும் வழியில் காசல்ரீயும் மவுசாகலையும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மவுசாகலை வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். ஓகஸ்ட்டில் நீர் நிறைந்திருக்கும், அதை எதிர்பார்த்து வராதீர்கள். எந்த நீர்த்தேக்கத்திலும் இறங்கிக் குளிக்காதீர்கள். கரை மணற்கரை அல்ல. முன்பு மலைச்சரிவாக இருந்த நிலம் ஓரடியில் முழங்காலும் அடுத்த அடியில் தலைக்கு மேலுமாக இறங்கும், கீழே சேறு காலைப் பிடிக்கும். அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் உட்காருவது அதைவிட ஆபத்து. மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும்.

ஓகஸ்ட்டில் நீரையும் வெயிலையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் றந்தெனிகல நீர்த்தேக்கம்தான் சரி. பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கி, மினிப்பே, றந்தெம்பே, றந்தெனிகல வழியாகக் கண்டிக்குத் திரும்பினால் வந்த வழியே போகவேண்டியதில்லை, றம்பொடை இறக்கமும் இல்லை. காட்டுவழி என்பதால் யானை வரும். மாலை 4 மணிக்கு முன் கடந்துவிடுங்கள், நிறுத்தி உணவு போடாதீர்கள்.

அறை பேசும்போது நான்கு கேள்விகள் போதும். சுடுநீர் மின்சாரத்திலா சூரிய வெப்பத்திலா? சூரிய வெப்பம் என்றால் மழைநாளில் பச்சைத்தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு கம்பளி உண்டா? வான் வாசல்வரை வருமா, அல்லது படியேற வேண்டுமா? சாரதிக்குப் படுக்கை உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த இடத்தை விடுங்கள். வானுக்குள் சுருண்டு படுத்தவர்தான் மறுநாள் உங்களை இறக்கிக்கொண்டு போகப்போகிறார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று மட்டங்களில் விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். வெளியூராருக்குப் பிரிவின் பெயர் தெரியாது, தாம் போகும் ஊரின் பெயர்தான் தெரியும். விடுமுறை வாரங்களில் எச்சரிக்கை உள்ள பிரிவுகளை ஊர்ப்பெயர்களோடும், மூடிய வீதிகளையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990 ஆகிய இலக்கங்களையும் ஒரு சிறு பெட்டியில் வெளியிட்டு உதவுங்கள். வெள்ளிக்கிழமைப் பதிப்பில் வந்தால் மிகப் பலருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
சுற்றுலா வான் சாரதி ஒருவர்,
பண்டாரவளை.