சிங்கப்பூர் நிரந்தரவாசமும் டெல்டாக் குடும்பங்களின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத ஊர் அரிது. பெண் பேசும் இடத்திலும், நிலத்தை விற்கலாமா என்று வீட்டில் யோசிக்கும் இடத்திலும், "பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல பி.ஆர். வந்துடும்" என்று நிரந்தரவாசத்தைப் பற்றிய உறுதி இங்கே வெகு எளிதாகக் கொடுக்கப்படுகிறது. அங்கே எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டு, இப்போது ஊர் திரும்பியிருப்பவன் என்ற முறையில் அந்த உறுதியைப் பற்றி எழுதுகிறேன்.

மறுத்ததற்காக அந்நாட்டின்மேல் எனக்கு வருத்தம் உண்டு, குற்றச்சாட்டு இல்லை. குடும்பப் பிணைப்பு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, தங்கியிருந்த காலம் எனப் பலவற்றையும் சீர்தூக்கிப் பார்ப்பதாக அந்த அரசு வெளிப்படையாகவே சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்வதில்லை. மறுக்கும்போது காரணமும் தருவதில்லை. தங்கியிருந்த காலம் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். இத்தனை ஆண்டு உழைத்தவருக்கு நிரந்தரவாசம் உரிமையாகிவிடும் என்ற விதி அங்கே கிடையாது. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆண்டுக் கணக்கு வைத்து விண்ணப்பிக்கும் முறை இருப்பதை உறவினர் சொல்லக் கேட்டு, அதையே சிங்கப்பூருக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் நம்மிடையே நிறைய. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன தாத்தா தலைமுறையில் பலர் அங்கேயே குடியுரிமை பெற்றுத் தங்கிவிட்டதும் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் காலமும் அந்தச் சட்டமும் வேறு.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஒர்க் பெர்மிட் என்ற அடிப்படை வேலை அனுமதியில் இருக்கும் நம் பிள்ளைகள் அந்த அனுமதியை வைத்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது; எஸ் பாஸ், அதற்கும் மேல்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வழி திறந்திருக்கிறது. ஒர்க் பெர்மிட்டில் இத்தனை ஆண்டுகள்தான் வேலை பார்க்கலாம் என்றிருந்த உச்ச வரம்பு 2025 ஜூலையில் நீக்கப்பட்டு, வயது வரம்பும் 63 ஆக உயர்த்தப்பட்டபோது, "இனிமே அங்கேயே இருந்துடலாம்" என்று எங்கள் பக்கத்தில் சிலர் மகிழ்ந்தார்கள். நீண்டது வேலைக் காலம் மட்டுமே.

காரணம் சொல்லாமல் மறுக்கப்படுவதால், காரணம் தெரியும் என்று சொல்பவர்களுக்கு நல்ல வியாபாரம் நடக்கிறது. விண்ணப்பத்துக்கு அரசு வாங்குவது ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதுவே திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல், நன்கொடை ரசீது வேண்டும், தொண்டூழியச் (சம்பளமில்லாத சமூகச் சேவை) சான்று வேண்டும், விண்ணப்பக் கடிதத்தை இப்படி எழுத வேண்டும் என்று ஆலோசனைக் கட்டணமாகப் பல மாதச் சேமிப்பைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். தொண்டூழியம் நானும் செய்தேன். அது நல்ல காரியம், செய்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அதற்குப் பலன் இன்னது என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதை, பணம் கொடுப்பதற்கு முன் யாராவது இந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மறுப்பின் உண்மையான இழப்பு ஊர் திரும்பிய பிறகே தெரிகிறது. அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பு இருக்கிறது. நிரந்தரவாசியான ஒருவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த விகிதம். அதன் பின் 55 வயது வரை பொதுவாக அவர் ஊதியத்தில் 20 சதவீதமும், முதலாளி தரப்பில் 17 சதவீதமும் அவர் பெயரில் சேர்கின்றன. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்யும் எஸ் பாஸ்காரருக்காகவும் முதலாளி மாதம் 650 வெள்ளி கட்டத்தான் செய்கிறார். ஆனால் அது லெவி, அரசுக்குப் போகிறது. நம் பெயரில் ஒரு காசும் சேர்வதில்லை. இந்தக் காலம் முழுவதும் இந்தியாவிலும் வருங்கால வைப்பு நிதி இல்லை. வெளிநாடு வாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குத் தொடங்கவும் முடியாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம் என்பதோ, நான் பார்த்தவரை, அங்கே இருப்பவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. சம்பாதித்தது முழுவதும் மாடி வீடாகவும், தங்கையின் சீராகவும், குத்தகைக்கு விட்ட இரண்டு மா நிலமாகவும் ஆகிவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் திரும்பி வருபவருக்கு வீடு இருக்கிறது. மாத வருமானம் இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் தேதியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குறுவை நிலம் அதை ஈடுகட்டாது.

கேரளத்தில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மாதச் சந்தா கட்டி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் பெறுவதற்கு 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நல வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென 2011 இல் சட்டம் இயற்றப்பட்டது; வாரியமும் தனித் துறையும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கேரளத்தைப் போன்ற சந்தா ஓய்வூதியத்தை நம் வாரியமும் நடத்தி, பாஸ் வந்து விமானம் ஏறப்போகும் பிள்ளைகளை அந்த நேரத்திலேயே அதில் சேர்க்க வேண்டும். அதற்காகச் சென்னைக்கு அலைய வைக்காமல், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் போன்ற ஊர்களில் அவ்வப்போது முகாம் நடத்தி, எந்தப் பாஸில் போகிறார்கள், அதற்கு நிரந்தரவாச வழி உண்டா இல்லையா என்பதைத் தாய் தந்தையரையும் உட்கார வைத்துத் தமிழில் விளக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.