வாசிகசாலை மேசையில் ஒரு சட்டமூலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாக்களித்த விரலில் மை அழியுமுன்பே திண்ணையிலிருந்து அரசாங்கத்தை ஏசத் தொடங்கிவிடுகிறோம். நானும் ஏசுபவன்தான். எழுதிக் கேட்போம் என்றால்தான் ஆளைக் காணவில்லை.

இலங்கை நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அன்றைய அலுவல் பட்டியலில், ஒரு சட்டமூலம் (இன்னும் சட்டமாகாத வரைவு) வந்ததும், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் போகலாம். அவகாசம் 14 நாட்கள். சபாநாயகரின் சான்றுரையோடு அது சட்டமாகிவிட்டால், அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை விசாரிக்க முடியாது. இந்தியாவில் பல வருடம் கழித்தும் ஒரு சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லலாம். இங்கே பூட்டினால் பூட்டினதுதான். எங்களுக்கோ சங்கதி காதில் விழுவதே அதற்குப் பிறகு.

ஊருக்கு ஊர் வாசிகசாலையோடு சனசமூக நிலையம் இருக்கிறது. விடிந்தால் பத்திரிகைக்கு அடிபாடு. மரண அறிவித்தல் பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில். அந்த மேசையில் அரசாங்க அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வரும் சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியையும் வைத்தால் என்ன? அந்தத் தமிழ் பல்லை உடைக்கும், உண்மைதான். ஊர்ச் சட்டத்தரணி ஒருவரோ யாழ். பல்கலைக்கழகச் சட்டத்துறைப் பிள்ளைகளோ ஞாயிறு பின்னேரம் வந்து விளங்கப்படுத்தலாம்.

‘கொழும்பு வழக்கால் எங்களுக்கென்ன?’ என்பார்கள். 2018 நவம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது மனுப் போட்டவர்களில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூலும் ஒருவர். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்தக் கலைப்புச் செல்லாதென்றார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் இழுபட்டதையும் சிலர் வழக்காக்கினார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2025 மே 6 இல் வாக்களித்தோம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, வருடக்கணக்கில் ஆளுநர் மட்டுமே இருந்தபோது, எங்களில் எத்தனை பேர் ஒரு கடிதமாவது எழுதினோம்?

நீதிமன்றம் வரை போக எல்லாருக்கும் வசதியில்லை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கிய காசைத் தேடி இரண்டு மாரி அலைந்தோம். பிறகு ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கடைசி நாளில்தான் சொன்னார்கள். காசு வேறு வீதிக்குப் போயிருந்தது. அந்தப் பதிலை எங்கள் வட்டார உறுப்பினர் சபையில் வாசித்தார். ஒழுங்கையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, ஆனால் ‘காசே வரவில்லை’ என்று இப்போது யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வரும் நாளிலேயே, மனுச் செய்யக் கடைசித் திகதி எதுவென்று முதற்பக்கத்தில் பெட்டி கட்டிப் போடுங்கள். அதை வெட்டி வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோண்டாவில்.