ஓரறைப் பள்ளியைப் பெயர்த்தெடுக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கிராமங்களில் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் பாடம் நடத்திய ஓரறைப் பள்ளிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் கைவிடப்பட்ட பள்ளியை அப்படியே பெயர்த்து, வண்டியில் ஏற்றி, நகரத்து அருங்காட்சியக வளாகத்தில் கொண்டுபோய் வைப்பதை அது ஒரேயடியாகப் பாராட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இடிந்து விழும் நிலை, வேறு வழியில்லை என்றால் சரி. எடுத்த எடுப்பிலேயே அந்த முடிவுக்குப் போகக் கூடாது.

பள்ளி எங்கே நின்றது என்பதும் அதன் வரலாறுதானே? 1910-களில் அமெரிக்காவில் சுமார் 2 லட்சம் ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் நடந்தே வந்து சேர வேண்டும் என்பதால்தான் அத்தனை. நல்ல சாலைகளும் பள்ளிப் பேருந்துகளும் வந்தபின் சிறு பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு சேர்த்துவிட்டார்கள். கட்டடத்தை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவந்தால் கரும்பலகையும் நடுவில் ஓர் இரும்பு அடுப்பும் தெரியும். பிள்ளைகள் நடந்த தூரம் தெரியாது.

நெப்ராஸ்காவின் ஃப்ரீமன் பள்ளியைப் பாருங்கள். 1872 முதல் 1967 வரை நடந்த செங்கல் பள்ளி. அரசு கொடுத்த நிலத்தில் குடியேறியவர்களின் வரலாற்றைச் சொல்லும் தேசியப் பூங்காவின் பகுதியாக, நின்ற இடத்திலேயே இன்றும் இருக்கிறது. டெக்சாஸில், பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன் சிறுவயதில் படித்த ஜங்ஷன் பள்ளியும் அப்படித்தான். பள்ளிக் கல்விக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்ட சட்டத்தில், 1965 ஏப்ரல் 11 அன்று, அந்தப் பள்ளி வாசலில் தன் முதல் ஆசிரியையை அருகில் உட்காரவைத்து அவர் கையெழுத்திட்டார். வாஷிங்டனில் போட்டிருந்தால் அது இன்னொரு கையெழுத்து, அவ்வளவுதான்.

கட்டுரை ஏனோ தொடாமல் விட்டது ரோசன்வால்டு பள்ளிகளை. தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, அதற்கும் அற்பப் பணம் என்றிருந்த காலம். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் முயற்சியில் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு பணம் தர, 1912-க்கும் 1932-க்கும் இடையே ஏறத்தாழ 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. ஒரே அறை கொண்டவையும் அவற்றில் உண்டு. பணம் சும்மா வரவில்லை. ஊர்க்காரர்களும் தங்கள் பங்கைப் போட வேண்டும். காசு இல்லாதவர்கள் நிலமும் மரமும் உழைப்பும் தந்தார்கள். ஏற்கெனவே வரி கட்டியவர்கள்தாம் இவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாததால் கிழக்கு, மேற்கு வெளிச்சம் விழும்படி உயரமான ஜன்னல்களை வைத்துத் திட்டமிட்டார்கள். திசை பார்த்துக் கட்டியதைத் தூக்கிக்கொண்டுபோய் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

2002-இல் இந்தப் பள்ளிகள் அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்ந்தன. அதன்பின் மீட்கப்பட்ட சில, அதே ஊரில் சமூகக் கூடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரியும். பூட்டி வைத்த காட்சிப்பொருளில் சுவர் ஊறிய பிறகுதான் தெரியும்.

பழைய வருகைப் பதிவேடுகளையும் பள்ளிக்குழுக் கணக்குகளையும் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எந்த மாதத்தில் பெரிய பையன்கள் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள், ஆசிரியைக்கு என்ன சம்பளம், விறகு யார் கொடுத்தது என்பதையெல்லாம் அந்தக் காகிதங்கள்தாம் சொல்லும். கட்டுரையாளர் அடுத்து அவற்றைப் பற்றியும் எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்