கத்தி அறுக்க வேண்டிய முடிச்சு

பெங்களூரு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் மூத்த மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் பெரியசாமி சொல்லித்தான் அறிந்தேன். வாழ்த்து எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே மாதங்கள் ஓடிவிட்டன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நலம் விசாரிக்க மட்டுமே எழுதுகிறேன் என்று நம்பிவிட நீ அப்பாவி இல்லை. எனக்கு உன் பின்னலாடை மூளை தேவைப்படுகிறது. சிரிக்காதே; ஊக்கு விவகாரத்தில் நீ சிரித்த சிரிப்பே இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

வயிறு, குடல், நுரையீரல் ஆகியவற்றை வெட்டி மூட, அறுவை மருத்துவர்கள் இப்போது பெரும்பாலும் ஸ்டேப்ளரையே நம்புகிறார்கள். லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில், பயன்படும் நீண்ட ஸ்டேப்ளரின் இரு தாடைகளுக்கிடையே திசுவைக் கவ்வி இயக்கினால், பக்கத்துக்கு மூன்று வரிசையாக டைட்டானியம் முட்கள் இறங்கி, மேல்தாடையின் பள்ளங்களில் மோதி மடங்கிக்கொள்ள, நடுவில் ஓடும் கத்தி திசுவை இரண்டாகப் பிரித்துவிடும். திசு நலிந்திருந்தால் முள் குத்திய இடமே கிழியும், கசியும். நீங்கள் டி-சர்ட்டின் தோள்பட்டைத் தையலுக்குள் டேப் வைத்து அடிக்கிறீர்களே, அதைப் போல முள்வரிசையோடு ஒரு மெல்லிய பட்டையையும் சேர்த்து அடிக்கிறார்கள். அதற்குப் பட்ரஸ் என்று பெயர். எம்ஃபிசீமா என்ற, காற்றறைகள் சிதையும் நோயால் இற்றுப்போன நுரையீரலை வெட்டும்போது காற்று கசியாதிருக்க, மாட்டின் இதய உறையிலிருந்து செய்த பட்டைகளை வைத்து அடிக்கும் முறையை 1994இல் ஜோயல் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிக் காட்டினார். மாட்டுப் பொருளைத் தன் உடம்பில் ஏற்க விரும்பாத நோயாளிகள் நம் ஊரில் உண்டு என்பதால், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாலிகிளைக்காலிக் ஆசிட் போன்ற, உடம்புக்குள் தானாகவே கரைந்துபோகும் இழைகளாலான பட்டைகளும் வந்துவிட்டன. உடல் பருமனுக்காக இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் இவற்றால் இரத்தக் கசிவு குறைகிறது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். தையல் வரிசை வழியே இரைப்பைச் சாறு ஒழுகுவதும் குறைகிறதா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தச் சண்டையை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் தூக்கத்தைக் கெடுப்பது, அந்தப் பட்டையை ஸ்டேப்ளரில் எப்படிப் பொருத்துவது என்ற சின்ன விஷயம்தான்.

சென்ற வாரம் ஒரு ஸ்லீவ் அறுவையை அருகிலிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. கருவிகளை எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸ் ஈரக் கையுறையோடு பட்டைகளை எடுத்து, ஜெல் தடவி, முட்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜின் மேல் ஒன்றும் எதிர்த்தாடையில் ஒன்றுமாக, விளிம்பு விலகாமல் ஒட்டினார். இப்படிப்பட்ட ஓர் அறுவைக்கு ஐந்தாறு கார்ட்ரிட்ஜுகள் செலவாகும். ஒவ்வொன்றுக்கும் இதே சடங்கு. இடையில் ஒரு பட்டை கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு அவருடைய கட்டைவிரலோடு வந்துவிட்டது. மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. இரைப்பையைப் பிடித்திருந்த கருவியை அசைக்காமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மற்றொரு கையை நீட்டியபடியே நின்றார். ஓரமாக நின்ற எனக்குத்தான் அந்தக் குளிரூட்டிய அறையில் வியர்த்தது. 1908இல் புடாபெஸ்டில் ஹூமர் ஹூல்ட்ல் பயன்படுத்திய முதல் ஸ்டேப்ளர் ஏறக்குறைய 3.6 கிலோ எடை கொண்டது. அதைப் பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் பிடித்ததாம். அத்தனை தொல்லையையும் ஒழித்துக்கட்டிவிட்டு, ஒரு துணித்துண்டை வைத்து அதே காத்திருப்பை வேறு வடிவில் திரும்ப அழைத்து வந்திருக்கிறோம்.

இறுக்கமாக ஒட்டிவிட்டால் போயிற்று என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 12 மில்லிமீட்டர் துளைக்குழாய் வழியே நுழையும்போதும், திசுவின் மேல் தாடையைத் தேய்த்து இடம் பார்க்கும்போதும் பட்டை இம்மியும் நகரக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் முள் இறங்கிய மறுகணமே அது தாடையை முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விடாவிட்டால், புதிதாகத் தைத்த வரிசையைத் தாடையே பிடித்து இழுக்கும். அதைவிடப் பட்ரஸே இல்லாமல் இருப்பது நல்லது. ஜெல், ஈரத்துக்கும் நேரத்துக்கும் தக்கபடி குணம் மாறும். உறைபோல மாட்டி, பிறகு நூலை இழுத்துக் கழற்றும் வகை நம்பகமானது என்றாலும், இழுப்பதற்கு ஒரு கை கூடுதலாக வேண்டும். கவ்விகள் வைக்கலாம் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார். கழன்று வயிற்றுக்குள் விழும் பிளாஸ்டிக் துண்டை யார் தேடுவது என்று கேட்டால் மட்டும் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

எனக்குப் பிடித்த வழி நூல்தான். பட்டையின் இரு முனைகளிலும், கத்தி ஓடும் வழிக்குக் குறுக்காக ஒரு நூலைப் போட்டுத் தாடையோடு தொழிற்சாலையிலேயே கட்டி அனுப்பிவிட வேண்டும். திசுவை வெட்டப் போகிற கத்தியே போகிற வழியில் அந்த நூலையும் அறுத்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் ஒருவரும் எதையும் ஒட்ட வேண்டாம், உருவ வேண்டாம். இந்த யோசனை எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது, முனையில் கட்டி வரும் பட்டைகள் சந்தையிலும் உண்டு. சிக்கல் நுனியில்தான் இருக்கிறது. கத்தி தாடையின் கடைசிவரை போவதில்லை. ஆகவே நுனி முடிச்சு கத்தி நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பே அமைய வேண்டும். அப்படி அமைத்தால் அதற்கு அப்பால் இருக்கும் துணி மடிந்துகொள்கிறது. அந்த மடிப்பில் இரண்டு அடுக்குத் துணி சேர்ந்துவிட்டால் தடிமன் கூடுகிறது. நீல நிறக் கார்ட்ரிட்ஜின் முள் மூடிய பிறகு அதன் உயரம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான், அதற்குள் திசுவும் இரு பக்கத் துணியும் அடங்க வேண்டும் என்றால் எனக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இன்னொரு கவலையும் உண்டு. பாலிகிளைக்காலிக் இழை ஈரம் பட்டால் சிதையத் தொடங்கும். கருவியோடு கட்டி அனுப்பினால், உலோகத்துக்குக் கெடு இல்லாவிட்டாலும் துணியின் கெடுதான் மொத்தப் பொருளின் கெடு. காற்றுப் புகாத ஃபாயில் உறையில் உலர வைத்து அடைக்க வேண்டும். பட்ரஸ் உள்ளது, இல்லாதது என்று மருத்துவமனை இருவகை இருப்பு வைக்க வேண்டிவரும், செலவு கூடும். இருந்தாலும் அந்த நீட்டிய கையைப் பார்த்த பிறகு நான் இந்தப் பக்கம்தான்.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். வெட்டிய ஓரம் பிரியாமலும், நுனியில் சுருண்டு மடியாமலும் இருக்கும் மெல்லிய பின்னலை எப்படி அமைப்பது? நூல்களை நீளவாக்கில் ஓட்டிப் பின்னும் வார்ப் நிட்டிங்கில் ஓரம் சுருளாது என்று நீ ஒருமுறை சண்டை போட்டாயே, அது உண்மைதானா, அல்லது அன்றைக்கு வென்றாக வேண்டும் என்பதற்காகச் சொன்னதா? சாதாரண பாலியெஸ்டரிலேயே இரண்டு மூன்று மாதிரிகளைப் பின்னி அனுப்பு. மடிப்பைச் சோதிக்க எனக்கு அது போதும். தடிமனைத் தயவுசெய்து மில்லிமீட்டரில் எழுது. ஜிஎஸ்எம், கேஜ் என்று எழுதினால் நான் மறுபடியும் பெரியசாமியிடம் போய் நிற்க வேண்டியிருக்கும், அவர் ஊக்கு கதையை முதலிலிருந்து தொடங்குவார்.

அன்புடன்,
கதிரேசன்