மாத்யூஸ் அரீனாவை மூடிவிட்டார்கள், மாப்ளே

குவின்சி, மாசசூசெட்ஸ்
11 ஜனவரி 2026

மாப்ளே,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் வாரத்தில் கைக்கு வந்தது. முட்டிக்கு ஊசி போட்ட கையோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய் ஜூனியர் உலகக் கோப்பை பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். தங்கச்சி திட்டாமல் என்ன செய்வாள்? ஆனால் எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான். நாம் டவுசர் போட்டு அலைந்த காலத்தில், மதுரையில் உலகக் கோப்பை ஹாக்கி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனை ஓட்டியே கொன்றிருப்போம். வெண்கலத்துக்கான ஆட்டத்தை நானும் பார்த்தேன். இங்கே அது காலை நேரம், ஆபீஸ் போகிற ரயிலில் போனில் ஓடியது. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்துவிட்டு கடைசிக் கால்பகுதியில் 4 கோல்! பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

'ஐஸ் மேல ஆடுறதெல்லாம் ஒரு ஹாக்கியா, அதுவும் ஐம்பது தாண்டின நீ காலேஜ் பசங்க மேட்சுக்கு ஏன் உயிரை விடுற' என்று கேட்டிருக்கிறாய். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

முதலில் ஆட்டம். கோலி என்கிற கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். ரிங்க் என்கிற ஐஸ் தளம் 200 அடி நீளம், நம் டர்ஃபில் மூன்றில் இரண்டு பங்குதான். சுற்றிலும் பலகைச் சுவர், அதனால் அடித்தது லேசில் வெளியே போகாது, மோதி உள்ளேயே திரும்பும். நல்ல ஆட்டக்காரன் சுவரில் அடித்தே பாஸ் கொடுப்பான். முக்கால் நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவான், ஆட்டம் நிற்காமலே அடுத்தவன் உள்ளே குதிப்பான். பக் என்பது கெட்டி ரப்பர் வட்டு. துள்ளக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைக்கிறார்கள். நமக்குப் பச்சை அட்டை என்றால் 2 நிமிஷம் வெளியே உட்கார வேண்டும் அல்லவா, இங்கும் சின்னத் தப்புக்கு அதே 2 நிமிஷம். ஆனால் அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டால் தண்டனை முடிந்தது, ஆள் உடனே உள்ளே வரலாம். இந்த விதியை வைத்து, நீ பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளை ஒரு நாள் ஆட வைத்துப் பார்த்துவிட்டு எழுது. ஆட்டத்தின் போக்கே மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி என் செய்தி. எங்கள் காலேஜின் ஐஸ் ஹாக்கி அரங்கமான மாத்யூஸ் அரீனாவை மூடிவிட்டார்கள். டிசம்பர் 13ஆம் தேதி பாஸ்டன் யுனிவர்சிட்டியோடு கடைசி ஆட்டம். ஸ்கோரைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

1998ல் நான் பாஸ்டனில் இருக்கிற நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டிக்கு எம்.எஸ். படிக்க வந்தபோது இந்த ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. குளிருக்கு அறையிலேயே கிடப்பேன். மாணவர் அட்டையைக் காட்டினால் ஹாக்கி பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, எட்டிப் பார்க்கப் போனேன். அந்தக் கட்டடம் 1910ல் திறந்தது. அப்போது அதற்குப் பெயர் பாஸ்டன் அரீனா. என்ஹெச்எல் என்கிற தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகில் இந்த ஊரின் அணியான ப்ரூயின்ஸ் 1924ல் தன் முதல் ஆட்டத்தை ஆடினது அங்கேதான். செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி 1946ல் ஊரில் முதன்முதலாக இறங்கியதும் அங்கேதான். மாடி வரிசை ரிங்கின் மேலேயே தொங்குகிற மாதிரி இருக்கும். மச்சில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்ப்பது மாதிரி ஐஸை நேர் கீழே பார்க்கலாம். மாணவர் கூட்டம் அங்கேதான். பக்கத்திலேயே பேண்டு வாத்தியம். நம் அணி கோல் போட்டால் எதிரணிக் கோலியை நோக்கி விரலை நீட்டி எல்லோரும் சேர்ந்து 'சல்லடை! சல்லடை!' என்று கத்துவார்கள். அந்தக் கோலிக்கும் 20 வயசுதான் இருக்கும், பாவம், தலையைக் குனிந்து ஸ்கேட் பிளேடால் கோல் முன்னால் ஐஸைச் சுரண்டிக்கொண்டே நிற்பான். கோவில்பட்டியில் நாம் எதிர் டீமை எத்தனை பேச்சு பேசியிருப்போம்! எனக்கு அங்கே ஒட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நவம்பரிலேயே ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இடித்துவிட்டு அதே இடத்தில் புது அரங்கம் கட்டுகிறார்கள். அதுவரை நம் பசங்களுக்குச் சொந்த ரிங்க் இல்லை, இரவல் இடத்தில்தான் ஆட்டம். கட்டடம் தளர்ந்துபோனது உண்மைதான், இடிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட 2 வயது இளைய ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தையும் தொண்ணூறுகளின் கடைசியில் இடிப்பதாகத்தான் இருந்தது. 2002ல் வந்த முதலாளிகள், இருப்பதையே செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். இடது பக்கத்து 37 அடிப் பச்சைச் சுவரின் உச்சியில் 2003ல் நாற்காலி போட்டு அதையும் காசாக்கினார்கள். ரெட் சாக்ஸ் அணியின் மைதானம் அது. பேஸ்பால் ஆட்டத்துக்கு முப்பத்தேழாயிரம் பேர் வருவார்கள் என்றால் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் எங்கிருந்தாவது வரும். காலேஜ் ஹாக்கிக்கு வராது.

பேஸ்பால் எனக்குப் பிடிபட நாளாயிற்று. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், கோடை முழுக்க அநேகமாகத் தினமும் உண்டு. முதலில் ரேடியோவில்தான் கேட்டேன், சமைத்துக்கொண்டே. நான் வந்த அதே வருஷம்தான் டொமினிக்கன் குடியரசுக்காரரான பந்து வீச்சாளர் பெட்ரோ மார்டினெஸும் பாஸ்டனுக்கு வந்தார். அவர் பந்து வீசுகிற நாளில் ஃபென்வேயில் டொமினிக்கன் கொடியாகப் பறக்கும். 1999ல் 313 ஸ்ட்ரைக் அவுட், அதாவது 313 முறை மட்டைக்காரனை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். அந்த வருஷம் அவர் வீசினதைப் பார்த்தவன் வேறு அணிக்குப் போகமுடியாது. அக்டோபரில் ஹாக்கி தொடங்கும், ஏப்ரலில் முடியும். பேஸ்பால் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை இழுக்கும். வருஷத்தில் எனக்கு ஓய்வே கிடையாது என்று உன் அக்கா சொல்வதில் தப்பில்லை.

இரண்டுமே அப்போது ராசியில்லாத அணிகள். ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்த்ததில்லை. நார்த்ஈஸ்டர்ன் கதையும் அதே. பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமை 'பீன்பாட்' என்று ஒரு போட்டி. பாஸ்டன் வட்டாரத்திலேயே இருக்கிற நான்கு காலேஜ்: ஹார்வர்ட், பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, நாங்கள். 1952 டிசம்பரில் முதல் பீன்பாட் நடந்ததும் அந்த மாத்யூஸில்தான். நாங்கள் 1988ல் ஜெயித்ததோடு சரி. 2011 இறுதியில் 6-7, 2015 இறுதியில் 3-4, இரண்டுமே ஓவர்டைமில் பறிபோனது. நடுவில் 2004ல் ரெட் சாக்ஸ், பரம வைரியான நியூயார்க் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கிய தொடரை 4-3 என்று திருப்பி, 86 வருஷத்துக்குப் பிறகு கோப்பையை வாங்கிவிட்டது. அடுத்து நாமதான் என்று காத்திருந்தோம். 2018 பிப்ரவரியில் ஆடம் கோடெட் மூன்று கோல் போட, 5-2 என்று பாஸ்டன் யுனிவர்சிட்டியைச் சாய்த்தோம். முப்பது வருஷம் கழித்து! அதே வருஷம் ரெட் சாக்ஸ் 108 ஆட்டம் ஜெயித்து அக்டோபரில் சாம்பியன் பட்டத்துக்கான உலக சீரிஸையும் வாங்கியது. அந்த வருஷம் நான் உனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று திட்டினாயே, காரணம் இதுதான்.

சரி, போன அக்டோபர் 2ஆம் தேதிக்கு வருகிறேன். உன்னிடம் நான் உண்மையில் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான்.

நியூயார்க்கில் யாங்கீஸோடு மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டத்தில் எங்கள் பந்து வீச்சாளர் க்ரோஷே 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஜெயித்துக் கொடுத்தார். இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். யாங்கீஸுக்குப் பந்து வீச வந்தவன் கேம் ஷ்லிட்லர். வயசு 24. பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வால்போல்தான் சொந்த ஊர். சின்ன வயசில் ரெட் சாக்ஸ் ரசிகன். படித்து, பந்து வீசக் கற்று ஆளானது எங்கே தெரியுமா? நார்த்ஈஸ்டர்னில். 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை போட்டுப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 7ஆம் சுற்றில் யாங்கீஸ் எடுத்துப்போனார்கள். பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு வந்தே மூன்று மாசம் ஆகவில்லை. அந்தப் பையன் மணிக்கு 160 கிலோமீட்டரில் வீசி, எட்டு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒருத்தனுக்கும் வாக் (தப்பான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கிற முதல் பேஸ்) கொடுக்காமல், ஒரு ரன்கூட விடாமல் எங்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டான். 4-0.

எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் இன்னிங்ஸிலேயே ஒருத்தன் 'நம்ம பையன்!' என்று காலேஜ் சின்னத்தைப் போட்டான். ஐந்தாவது இன்னிங்ஸில் இன்னொருத்தன் 'எவன்டா நம்ம பையன்' என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியேறினான். நான் எதுவும் எழுதவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் அவன் இன்னொரு ஸ்ட்ரைக் அவுட் எடுத்தபோது கை தானாகத் தட்டிவிட்டது. சோபாவில் இருந்த மகள் திரும்பி, 'அப்பா, நீங்க யார் பக்கம்?' என்றாள். அவள் இங்கேயே பிறந்தவள், இந்த விஷயத்தில் கறார்ப் பேர்வழி.

எங்கள் காலேஜுக்குள் ஒரு சிலை இருக்கிறது. சை யங் என்ற பழைய காலத்துப் பந்து வீச்சாளர், பந்து பிடிக்கிற கேட்சரின் சைகைக்காக முன்னால் குனிந்து நிற்கிறார். பந்து முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இன்றைக்கு வகுப்பறைகள் இருக்கிற அந்த நிலம்தான் ஒரு காலத்தில் ரெட் சாக்ஸின் மைதானம், ஃபென்வே வருவதற்கு முன்னால். 1903ல் முதல் உலக சீரிஸ் அங்கேதான் தொடங்கியது. இப்போதும் வழக்கமாக பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ரெட் சாக்ஸ் பயிற்சி ஆரம்பிக்கும்போது முதலில் எதிர்கொள்வது எங்கள் காலேஜ் பசங்களைத்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பையனை யாங்கீஸ் கொண்டுபோகும்வரை ரெட் சாக்ஸ் ஆட்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்? என் கோபம் அவர்கள்மேல்தான், அவன்மேல் துளியும் இல்லை.

அவர்கள் வேலையே அப்படி. சீசனின் சிறந்த ஆட்டக்காரர் என்ற எம்விபி விருது வாங்கின மூக்கி பெட்ஸை 2020ல் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். போன ஜூனில் யாங்கீஸை மூன்று ஆட்டமும் அடித்து முடித்த அன்று சாயங்காலமே ராஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரசிகன் வீட்டில் ஜெர்சி மட்டும் மிச்சம். காலேஜ் ஹாக்கியில் அந்த வலி இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பையன் வருவான், மூன்று நான்கு வருஷம் ஆடுவான், பட்டம் வாங்கிக்கொண்டு போவான். யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதில்லை.

இப்போது அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு காலேஜில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சீசனே இன்னொன்றுக்குத் தாவலாம், முன்பு போல ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2025 ஜூலையிலிருந்து காலேஜே ஆட்டக்காரனுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் லீகில் ஆடினவர்களும் வரலாம். அங்கே படிக்காசு வாங்கினதாலேயே அதுவரை அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த என்ஹெச்எல் டிராஃப்டில் முதலில் போவான் என்று பேசப்படுகிற கேவின் மெக்கென்னா அப்படித்தான் இந்த சீசன் பென் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு வந்திருக்கிறான். ஆட்டத்தின் தரம் ஏறியிருக்கிறது, மறுக்கமுடியாது. பசங்க கையில் நாலு காசு வருவதும் நியாயம்தான், அவர்கள் ஆட்டத்தை வைத்து மற்றவர்கள் எத்தனை காலம் சம்பாதித்தார்கள்! ஆனாலும் மாடி வரிசையில் உட்கார்ந்து ஒருத்தன் பெயரைக் கத்தும்போது, அடுத்த வருஷம் இவன் இங்கே இருப்பானா என்ற கணக்கும் கூடவே ஓடுகிறது. ஃபென்வேயில் ஓடுகிற அதே கணக்கு.

உன்னிடம் பயிற்சி எடுக்கிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல். இங்கே பெண்களுக்கும் பீன்பாட் உண்டு. அதன் இறுதி ஆட்டத்தை 2024ல் முதன்முதலாக டிடி கார்டனில் வைத்தார்கள். ஆண்களுக்குப் பல வருஷமாகக் கொடுத்த பெரிய அரங்கம் அது. பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், ஓவர்டைமில் நார்த்ஈஸ்டர்ன் ஜெயித்தது. மகளோடு நானும் இருந்தேன். ஆண்கள் ஆட்டத்தைவிட அன்றைக்குப் பாஸ் சுத்தமாக இருந்தது என்று சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள், உன்னிடம் சொல்லலாம்.

இந்த வருஷப் பீன்பாட் பிப்ரவரி 2, 9. மகள் டிக்கெட் வாங்கிவிட்டாள். மே மாதம் நம் கோவில்பட்டி லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கி சமயத்தில் ஊருக்கு வருவதாக இருக்கிறோம், அவளும் கூட வருகிறாள். தேதி முடிவானதும் உடனே சொல். கோடை லீவில் விமான டிக்கெட் விலை எகிறிவிடும். வெயிலில் மதிய ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதே, விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறதுக்கு மட்டும் வருகிறேன். முட்டியைக் கவனித்துக்கொள். அதுவரை தங்கச்சி சொல்வதைக் கேட்டு பஸ்ஸில் அலையாமல் இரு.

உன்,
பழைய ரைட் அவுட்