மழை லில்லியும் நரிவெங்காயமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்துக்கேற்ற நாட்டுப் பூச்செடிகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆயினும் அதில் மழை லில்லியை நம் மண்ணுக்குரிய கிழங்குச் செடியாகச் சேர்த்திருப்பது சரியன்று. நர்சரிகளில் அப்பெயரில் கிடைக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு வகைகள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றை வளர்ப்பதில் தவறில்லை. நாட்டுச் செடி கேட்பவரிடம் அவற்றைக் கொடுப்பதுதான் பொருந்தவில்லை.

நாட்டுக் கிழங்குச் செடி வேண்டுவோர்க்கு நரிவெங்காயம் இருக்கிறது. நம் மேய்ச்சல் நிலங்களிலும் கல்லாங்காட்டிலும் அது தானாகவே வளர்கிறது. கோடையில், ஓர் இலைகூட இல்லாத நிலையில், வெறுந்தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு கிளம்பி, பழுப்பும் பச்சையும் கலந்த சிறு மணிப் பூக்களை அந்தி சாயும் வேளையில் விரிக்கும். விடிந்து பார்த்தால் அவை சுருங்கியிருக்கும். மழை விழுந்த பிறகே இலைகள் வரும். பகட்டான பூவன்று என்பது உண்மைதான், எனக்கென்னவோ அதுவே பிடித்திருக்கிறது.

இதைத் தோட்டத்தில் வைப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றியே கெடுத்துவிடுகிறார்கள். இலை காய்ந்ததும் செடி செத்துவிட்டதென்று நினைத்துத் தினமும் நீர் விட்டால், ஓய்விலிருக்கும் கிழங்கு அழுகிவிடும். வெயில் படும், நீர் தேங்காத, செம்மண்ணும் சரளையும் கலந்த ஒரு மூலையில் நட்டு, சுற்றிலும் புல்லை வளரவிட்டு, கோடை முழுவதும் அந்தப் பக்கம் குழாயைத் திருப்பாமல் இருந்தாலே போதும். இன்னொரு நாட்டுக் கிழங்குச் செடியான செங்காந்தள் கொடிக்கும் இதே பக்குவம்தான். கூடுதலாக, கலப்பை போல் வளைந்த அதன் கிழங்கின் நுனியில்தான் முளை இருப்பதால், அது ஒடியாமல் படுக்கைவாட்டில் நடவேண்டும். கொடி பற்றிக்கொள்ள ஒரு முள்வேலியோ புதரோ அருகில் இருந்தால் நன்று. இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும்.

கட்டுரையாளர் காட்டிலிருந்து கிழங்கு எடுத்து வரலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டு பூவுமில்லை, விதையுமில்லை. நரிவெங்காயத்தின் முப்பட்டைக் காய் வெடிக்கும்போது தட்டையான கருநிற விதைகள் கிடைக்கும். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்து விதைக்கலாம். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். செங்காந்தளைப் பொறுத்தவரை, மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் விவசாயிகளிடம் கேட்டுப் பெறலாம்.

இவ்விரண்டு செடிகளின் கிழங்கும் கடும் நஞ்சு என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டிருக்கிறது. வெங்காயம் போலவும் சர்க்கரைவள்ளி போலவும் தோன்றும் இவற்றைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெளியே போட்டுவைப்பது ஆபத்து. அடுத்த இதழிலேயே இதைக் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாராபுரம்.